முப்பத்தொரு பட்டாணிக் காய்கள்

செவ்வாய்க்கிழமை காலையில் எண்ணியபோது முப்பத்தொரு காய்கள் இருந்தன. புதன்கிழமை காலையில் எண்ணினால் இருபத்துநான்கு.

நான் கணக்கில் அவ்வளவு மோசம் இல்லை. இருந்தாலும் இலைகளை விலக்கி, ஒவ்வொரு காயையும் விரலால் தொட்டு, மறுபடியும் எண்ணினேன். இருபத்துநான்குதான். ஏழு பட்டாணிக் காய்கள் கால் முளைத்து நடந்து போயிருக்க முடியாது. யாரோ பறித்திருக்கிறார்கள்.

முதல் சந்தேகம் அண்ணன் மேல். வீட்டில் எது காணாமல் போனாலும் அது அவன் வயிற்றில்தான் இருக்கும்.

"வாயைத் திற," என்றேன்.

"எதுக்கு?"

"திறன்னா திற."

திறந்தான். நாக்கில் பச்சை இல்லை. பல்லிடுக்கிலும் ஒன்றும் இல்லை. பற்பசை வாசனை மட்டும் வந்தது.

"தினமும் அப்பா நாலு தடவை சொன்னாத்தான் பல் தேய்ப்பே. இன்னைக்கு என்ன சொல்லாமலே தேய்ச்சிருக்கே?"

"தேய்க்கலைன்னாலும் குத்தம், தேய்ச்சாலும் குத்தமா? போ துப்பு, வேற ஆளைப் பாரு."

துப்பு என்பது என் பெயர் இல்லை. எதற்கெடுத்தாலும் துப்புத் துலக்கக் கிளம்பிவிடுகிறேன் என்று அண்ணன் வைத்த பட்டப்பெயர். கோபம் வந்தால் 'துப்பு கெட்ட துப்பு' என்பான். அவன் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. சந்தேகப்படுகிறவர்கள் இல்லாவிட்டால் உலகத்தில் ஒரு திருடன்கூட மாட்ட மாட்டான்.

ஏழு காய்க்கு இவ்வளவு அமர்க்களமா என்று நீங்கள் கேட்கலாம். அவை அம்மாவுக்காக வைத்திருந்த காய்கள்.

அம்மா ரயில் ஓட்டுகிறார். புதிதாக வந்திருக்கும் எஞ்சினை ஓட்டக் கற்றுக்கொள்வதற்காக அவரை நான்கு மாதம் வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். கிளம்பிய அன்று நான் அழுதேன். ஒளிந்துகொண்டெல்லாம் இல்லை, எல்லாரும் பார்க்கும்படி, அவர் பயணப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போது குளிர்காலம் முடிகிற நேரம்.

"நீ பட்டாணி விதைக்கப் போறேன்னு சொன்னியே, அது வளர்ந்து காய்ச்சு நிக்கும்போது வந்துடுவேன்," என்றார் அம்மா.

"அப்ப நீ வர்ற அன்னைக்கு என் பட்டாணியில உனக்கு சூப் வெச்சுத் தரேன். அதுவரைக்கும் ஒரு காயைக்கூட யாரையும் தொட விடமாட்டேன்."

அப்படி வாக்குக் கொடுத்துவிட்டு, இப்போது ஏழு காயைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன்.

எங்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. வாசல் தெருப் பக்கம். சமையலறை ஜன்னல் பின் சந்துப் பக்கம். மாடி வீட்டுக்காரர்கள் அந்தச் சந்து வழியாகத்தான் படியேறிப் போவார்கள். எங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. அந்த ஜன்னலுக்கு வெளியேதான் அப்பா இரண்டு பழப்பெட்டிகளைப் பொருத்தி, மண் நிரப்பிக் கொடுத்தார். நான் சமையலறைக்குள் நின்றபடியே தண்ணீர் ஊற்றுவேன், காய்களை எண்ணுவேன்.

சந்தில் போகிறவர்கள் கை எட்டும் உயரம்தான் என்பது எனக்கும் தெரியும். அதனால் பூ விட்ட அன்றே ஒரு பலகையில் வாட்டர் கலரால் பெரிதாக எழுதினேன்: 'தயவுசெய்து பட்டாணியைப் பறிக்க வேண்டாம்.' அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, எழுத்து சந்துப் பக்கம் தெரியும்படி அதைப் பெட்டியில் மாட்டிவிட்டார். அதன் பிறகு செடிகள் வளர்ந்து பலகையை என் பக்கத்திலிருந்து மறைத்துவிட்டன. அதனால் என்ன, நான் எழுதியதை நானே எதற்குப் படிக்க வேண்டும்?

வியாழக்கிழமை ஐந்து காய்கள் போயின. சனிக்கிழமை எட்டு. பிஞ்சுகள் முற்ற முற்ற, அவையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தெளிவாக எழுதி வைத்தும் பறிக்கிறார்கள் என்றால் எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்.

மாடியில் மூன்று வீடுகள். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கம் ஒதுக்கினேன்.

முதல் பக்கம் தையல் அக்காவுக்கு. அவர் கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். ஒரு நாள் அவர் வீட்டிலிருந்து வெண்ணெயில் பட்டாணி வதங்கும் வாசனை வந்தது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றபோது மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். 'சிரிப்பு சரியில்லை' என்று எழுதினேன்.

இரண்டாம் பக்கம் கடிகார மாமாவுக்கு. கடிகாரம் பழுது பார்ப்பவர். தெருவில் என்னைப் பார்த்ததும் நின்று, "உன் மனசு யாருக்கும்மா வரும்?" என்றார். சொல்லும்போது முகம் ஏனோ மருந்து குடித்தவர் மாதிரி இருந்தது. 'கிண்டல் செய்கிறார். குற்ற உணர்ச்சி முகத்தில் தெரிகிறது' என்று எழுதினேன்.

மூன்றாம் பக்கம் போர்டு அண்ணனுக்கு. கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். விரல் நகமெல்லாம் பெயிண்டு. என்னைக் கண்டதும் புருவத்தைத் தூக்கி, "எழுத்து எப்படி இருக்கு?" என்று கேட்டார். தெருமுனையில் புதிதாக எழுதிய செருப்புக்கடைப் பலகையைச் சொல்கிறார் என்று நினைத்து, "அழகா இருக்கு அண்ணா," என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். 'பேச்சை மாற்றுகிறார்' என்று எழுதினேன்.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா போனில் வருவார்.

"பட்டாணி எப்படி இருக்கு?"

"இருக்கு. அம்மா, அண்ணன் மேத்ஸ்ல எவ்வளவு வாங்கினான்னு கேளேன்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. உனக்காக வைத்திருந்ததைக் காப்பாற்ற முடியவில்லை என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மூன்றாவது வாரமும் நான் பேச்சை மாற்றியபோது, அம்மா அதற்கு மேல் கேட்காமல், "சரி, அப்பாகிட்ட குடு," என்றார்.

அம்மா வருவதற்கு இரண்டு வாரமே இருந்தது. கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை. அப்பா பேக்கரிக்குப் போய்விட்டார். நான் சமையலறை ஜன்னலுக்குக் கீழே கரண்டியோடு உட்கார்ந்தேன். கரண்டி எதற்கு என்று அண்ணன் கேட்டான். எனக்கே தெரியவில்லை, கையில் ஏதாவது இருந்தால் தைரியமாக இருந்தது.

கால் மரத்துப்போகும் வரை யாரும் வரவில்லை. பிறகு சந்தில் செருப்புச் சத்தம். இலை சலசலத்தது. 'டக்' என்று ஒரு காய் ஒடிந்தது. இன்னொரு 'டக்'.

சடாரென்று எழுந்தேன். எதிரே தையல் அக்கா, கையில் கிண்ணத்தோடு.

"எழுந்துட்டியா? உன் தூக்கத்தைக் கெடுத்துட்டேனா?" என்றார், பறித்துக்கொண்டே.

"என்ன பண்றீங்க அக்கா?"

"பறிக்கிறேன். ரெண்டு நாளா வர முடியலடா, யூனிஃபார்ம் தைக்கிற வேலை கழுத்து வரைக்கும் இருக்கு. கோவிச்சுக்காதே."

திருட வரத் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்கும் திருடரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"திருடுறதுக்கு வெட்கமா இல்லையா அக்கா?"

அக்காவின் கை அப்படியே நின்றது. சிரிப்பு போய்விட்டது.

"திருடுறதா? யாரு, நானா?"

"வேண்டாம்னு எழுதி வெச்சும் பறிக்கிறீங்களே."

"வேண்டாமா? வேண்டும்னு இல்ல எழுதியிருக்கே? வந்து பாரு நீயே."

வாசல் வழியாக ஓடி, தெருமுனை திரும்பி, சந்துக்குள் வந்தேன். செருப்புகூடப் போடவில்லை. அங்கே என் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்து என் எழுத்தெல்லாம் வெளிறியிருந்தது. ஆனால் கடைசிச் சொல்லில் மட்டும் ஓர் எழுத்து பளபளவென்று, கடைப் பலகை மாதிரி கம்பீரமாக நின்றது.

'தயவுசெய்து பட்டாணியைப் பறிக்க வேண்டும்.'

"எனக்கும் முதல்ல விசித்திரமாத்தான் இருந்துச்சு," என்றார் அக்கா மெதுவாக. "சரி, சின்னப் பொண்ணு ஆசையா எழுதி வெச்சிருக்கு, யாரும் பறிக்கலைன்னா மனசு கஷ்டப்படும்னு நாங்க மூணு வீடும் முறை போட்டுப் பறிச்சோம். கடிகார மாமாவுக்குப் பட்டாணியே ஆகாது. உனக்காகக் கண்ணை மூடிட்டு முழுங்கறாரு."

அந்த மருந்து குடித்த முகம் எனக்கு இப்போது புரிந்தது.

சத்தம் கேட்டுப் போர்டு அண்ணன் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

"மழைக்கு அப்புறம் பார்த்தேன். 'வேண்டம்'னு இருந்துச்சு. சின்னப் பிள்ளை ஒரு எழுத்தைத் தப்பா எழுதிடுச்சுன்னு நினைச்சேன். பிழையோட ஒரு பலகை தொங்கினா எனக்குத் தூக்கம் வராது. 'ட'வுக்கு மேல ஒரு இழுப்பு இழுத்து 'டு' ஆக்கிட்டேன். பக்கத்துல இருந்த துணைக்காலை மழைத்தண்ணி கரைச்சிட்டுப் போயிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையேம்மா."

ஒரு கால். 'டா'வில் இருக்கும் அந்த ஒற்றைக் கால் அழிந்ததில் என் முப்பத்தொரு காய்களும் போய்விட்டன.

எனக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் செடி மேல் கோபப்பட்டேன். வீட்டுக்குள் ஓடினேன். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக விதைத்தால் அம்மா வருவதற்குள் காய்க்குமா என்று பார்க்க, டப்பாவிலிருந்து விதைப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினேன்.

'விதைத்த அறுபத்தைந்தாம் நாள் முதல் காய் பறிக்கலாம்.'

என்னிடம் பதினைந்து நாள்தான் இருந்தது. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இன்னும் சில வரிகள். விதைத்த அன்று அவற்றை நான் படிக்கவில்லை. 'காய்களை முற்ற விடாமல் அடிக்கடி பறிக்க வேண்டும். பறிக்கப் பறிக்கப் பூக்கும். பறிக்காமல் விட்டால் செடி பூப்பதை நிறுத்திவிடும்.'

பறிக்க வேண்டும். பாக்கெட்டிலும் அதே சொல்.

எனக்குப் பாக்கெட் மேலேயே சந்தேகம் வந்தது. விற்பதற்காக ஏதாவது எழுதியிருப்பார்கள். ஜன்னலுக்குப் போனேன். ஒரு செடி மட்டும் கம்பிக்குள் புகுந்து சமையலறைப் பக்கமாக வளர்ந்திருந்தது. சந்திலிருந்து யார் கையும் அதற்கு எட்டாது. முப்பத்தொன்றில் சேராத அதன் நாலைந்து காய்கள் ஒன்றுகூடக் குறையவில்லை என்று நான் பெருமையாக நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

இன்று அந்தச் செடியைச் சரியாகப் பார்த்தேன். இலைகள் மஞ்சளாகிவிட்டன. ஒரு பூ இல்லை. ஒரு காயை உரித்தேன். உள்ளே பட்டாணி வெளுத்து, கல் மாதிரி இருந்தது. கடித்தேன், மாவாக உதிர்ந்தது.

மற்றச் செடிகளைப் பார்த்தேன். நுனியெல்லாம் பச்சை. வெள்ளைப் பூக்கள் இருபதுக்கு மேல் இருக்கும். இலைக்கடியில் விரல் நகம் அளவுக்குப் பிஞ்சுகள்.

நான் சொன்னபடி யாரும் தொடாமல் இருந்திருந்தால், அம்மா வரும்போது இரண்டு பெட்டி நிறைய இந்தக் கல்தான் இருந்திருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சமையலறையில் யாரும் இல்லை. அதுவும் நல்லதுதான். அந்த நேரத்தில் என் முகத்தை அண்ணன் பார்த்திருந்தால் ஒரு வருடம் சொல்லிக் காட்டியிருப்பான்.

பிறகு எழுந்து மாடிக்குப் போனேன். அது சுலபமாக இல்லை. பன்னிரண்டு படி ஏற அவ்வளவு நேரம் எனக்கு எப்போதும் ஆனதில்லை.

தையல் அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தில் காய்கள் அப்படியே இருந்தன.

"அக்கா, உங்களைத் திருடின்னு சொல்லிட்டேன்."

"அந்த வார்த்தையைச் சொல்லலை. ஆனா ரொம்பக் கிட்ட வந்துட்டே."

"நான் சொன்னது தப்புக்கா. கேக்காமலே முடிவு பண்ணிட்டேன்."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "வலிச்சுதுதான்," என்றார். "இப்ப அவ்வளவு இல்லை. உள்ள வா, ஏன் வாசல்லயே நிக்கிறே?"

போர்டு அண்ணன் படியில் சோர்ந்து போய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெயிண்டு டப்பா. 'வேண்டாம்' என்று திருத்தத் தயாராக இருந்தார்.

"திருத்தாதீங்க அண்ணா," என்றேன். கல் பட்டாணியைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதைத் தரையில் போட்டுப் பார்த்தார். 'டொக்' என்று சத்தம் வந்தது.

"அப்ப நான் போட்ட எழுத்து சரிதான்னு சொல்றியா?"

"சரிதான். ஆனா கீழ இன்னொரு வரி வேணும். நாலு வாளி தண்ணி ஊத்தினாலும் அழியக் கூடாது."

போர்டு அண்ணன் பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கீழே எழுதினார்: 'இன்னும் இரண்டு வியாழன் வரை மட்டும். அதற்கு அடுத்த ஞாயிறு அம்மா வருகிறார்.' எழுதி முடித்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். இரண்டு முறை.

கடைசியாகக் கடிகார மாமா வீடு. அவர் கதவைத் திறக்கும்போதே கையில் கிண்ணம் இருந்தது.

"மாமா, நீங்க மட்டும் பறிக்க வேண்டாம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"ரொம்ப நன்றிம்மா," என்று கிண்ணத்தை உள்ளே வைக்கப் போனவரின் நடையே மாறிவிட்டது.

அதன் பிறகும் நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. தையல் அக்காவும் போர்டு அண்ணனும் பருத்தவற்றை மட்டும் பார்த்துப் பறித்தார்கள். பூக்கள் உதிர்ந்து பிஞ்சாயின, பிஞ்சுகள் தடித்தன. வியாழனுக்குப் பிறகு ஒரு கையும் நீளவில்லை. வெள்ளி இரவு படுக்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது, மறைப்பானேன்.

ஞாயிறு காலை ஐம்பத்தாறு காய்கள்.

அண்ணனும் நானும் தரையில் தாள் விரித்து உரித்தோம். அவன் உரித்ததைவிட வாயில் போட்டது அதிகமோ என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். தையல் அக்கா தன் தொட்டியிலிருந்து வெங்காயத்தாளும் ஒரு கைப்பிடி புதினாவும் கொடுத்திருந்தார். அப்பா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீதான் சமையல்காரி, நான் எடுபிடி," என்றார்.

வெண்ணெய் உருகியதும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியைப் போட்டு வதக்கினேன். உருளைக்கிழங்கு இரண்டைத் துண்டாக்கிப் போட்டு, தண்ணீர் ஊற்றி வேகவிட்டேன். கிழங்கு குழைந்த பிறகுதான் பட்டாணி. பட்டாணிக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் பச்சை நிறம் போய்விடும். கரண்டியின் அடியால் பாதியை மசித்தேன், பாதியை முழுசாக விட்டேன். உப்பு, மிளகு. இறக்கும்போது புதினா.

பெட்டிச் சக்கரம் தெருவில் உருளும் சத்தம் கேட்டது. நான் கரண்டியோடு ஓடினேன். அம்மா கொஞ்சம் இளைத்திருந்தார். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ஆனால் கட்டிப் பிடித்தபோது அதே அம்மாதான்.

முதல் கிண்ணத்தை அம்மா வழித்துச் சாப்பிட்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் கேட்டுக் கிண்ணத்தை நீட்டினார். பாதியில் கரண்டியை வைத்துவிட்டார்.

"உப்பு கம்மியா?" என்றேன்.

"எல்லாம் சரியா இருக்கு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். போன்ல பட்டாணின்னு ஆரம்பிச்சாலே பேச்சை மாத்தினியே, ஏன்?"

நான் சொல்வதற்குள் அம்மாவே தொடர்ந்தார்.

"எனக்கு அங்க தூக்கமே வரலை. நான் இல்லாமலே பழகிட்டாளோ, நான் வர்றதுல இவளுக்கு ஆசை இல்லையோன்னு. ரயில்ல வரும்போது பூரா அதே சந்தேகம்."

"அதெல்லாம் இல்லைம்மா," என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "உனக்காக எண்ணி எண்ணி வெச்சிருந்தேன். குறைஞ்சுகிட்டே போச்சு. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லலை."

ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். முறை போட்டுப் பறித்ததைச் சொன்னபோது அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். "இத்தனை நாளா இவ யாரை மாதிரின்னு யோசிச்சுட்டே இருந்தேன்ப்பா."

"எனக்குக் கல்யாணம் ஆன அன்னைக்கே தெரியும்," என்றார் அப்பா, ரொட்டியை வெட்டிக்கொண்டே.

அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளி, என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். பத்து வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். சூப் ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை.